பழைய டொல்பின் வேனுக்குள் பேச்சுக் கேட்க

எங்களிடம் இருப்பது டொயோட்டா ஹையேஸ் எல்.எச். 113. அந்த எண்ணைச் சொன்னால் உதிரிப்பாகக் கடைக்காரருக்குத்தான் விளங்கும். இலங்கையில் ‘டொல்பின்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கைக்கு வருவதற்கு முன் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வண்டி. அதற்கும் முன் கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் குடும்பங்களைக் கூட்டிச்சென்ற வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும், வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதியது எங்களுக்கு எட்டாது. ஆகவே இருக்கிற வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றி, ஒரு கட்டிலும் அலமாரியும் சிறிய சமையல் மேடையும் வைத்து, போகிற இடத்தில் இரவு தங்கும் வண்டியாக மாற்றினோம்.

இந்தப் பயணங்கள் எல்லாம் அப்பாவுக்காக. அவருடைய வேலைக்காலம் முழுவதும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் கழிந்தது. கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் விசிறிகள், ரோலர்கள், உலர்த்தி, சலிக்கும் இயந்திரங்கள் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஓடும் இடம் அது. காதுக்குக் கவசம் என்ற பேச்சே அவர் காலத்தில் அங்கே எழுந்ததில்லை. நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 85 டெசிபெலைத் தாண்டிய சத்தம் காலப்போக்கில் காதைக் கெடுக்கும். அந்தக் கேடு முதலில் பிடிப்பது 4,000 ஹேர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதிகளை. பேச்சில் உயிரோசைகள் தாழ்ந்த சுருதியில் பலமாக ஒலிக்கும். ச, த, ட போன்ற மெய்களின் கூர்மையோ உயர்ந்த சுருதியில் மெலிதாகத்தான் வரும். சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுவது அந்த மெலிந்த பகுதிதான். அப்பா அடிக்கடி சொல்வார்: “நீ பேசுவது கேட்கிறது. என்ன பேசுகிறாய் என்றுதான் விளங்கவில்லை.”

வீட்டில் முகம் பார்த்துப் பேசினால் சமாளித்துக்கொள்வார். வேனின் முன் இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து, பாதையைப் பார்த்தபடி பேசும்போது அந்த உதவியும் இல்லை. ஆனால் பேச வேண்டிய இடம் அதுதான். புசல்லாவையிலிருந்து ரம்பொடை வரைக்கும், லிந்துலையிலிருந்து டயகம வரைக்கும் எந்தத் தோட்டத்துக்கு எந்த டிவிஷன், எந்த லயத்தில் யார் இருந்தார்கள், எந்தத் தொழிற்சாலை எப்போது மூடப்பட்டது என்பதெல்லாம் அவர் நாக்கில் இருக்கிறது. அதை அவர் சொல்லும்போது நான் கேட்க வேண்டும், நான் குறுக்கே கேட்கும் கேள்வி அவருக்கு விளங்க வேண்டும். வேனில் சத்தத்தைக் குறைக்க நான் செய்த எல்லா வேலைக்கும் இதுவே அளவுகோல். வண்டி எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை நான் பார்க்கவில்லை. அதற்குள் சொல் விளங்குகிறதா என்று பார்த்தேன். இந்த இரண்டு நோக்கங்களும் கையை வெவ்வேறு இடங்களுக்கு இழுத்துச்செல்லும்.

வெளிநாட்டில் இப்படி வேன் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் டயர் சத்தத்தையும் காற்றுச் சத்தத்தையும் பற்றியே கவலைப்படுகிறார்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகிறவர்களுக்கு அது சரி. தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறுகிற வண்டிக்கு அந்தக் கவலை பொருந்தாது. நாம் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறோம். அந்த வேகத்தில் மேலோங்குவது என்ஜின் சத்தம். டொல்பினில் அந்த என்ஜின் இருப்பதோ முன் இருக்கைகளுக்கு நேர் கீழே.

நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது நொடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹேர்ட்ஸ். அந்தச் சுருதியில் ஓர் ஒலி அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர், ஏறக்குறைய வேனின் உள்நீளமே. ஓர் அங்குல ஃபோமை உள்ளே ஒட்டி அதை உறிஞ்சிவிடலாம் என்று நினைப்பது வீண். அந்த அலையின் கால் பங்கே 85 சென்டிமீட்டர் வருகிறது. அப்பாவைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு பாதகமும் உண்டு. பலமான தாழ்ந்த ஓசை தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் மூடிவிடும் இயல்புடையது. மெய்யெழுத்துகள் ஏற்கெனவே மெலிந்து கேட்கும் காதுக்கு, கீழிருந்து எழும் அந்த ரீங்காரம் மிச்சத்தையும் விழுங்கிவிடும்.

கைபேசியில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். பயன்படுத்தலாம், ஆனால் அது காட்டும் எண் பெரும்பாலும் ‘ஏ’ நிறை என்ற முறைப்படி கணக்கிடப்பட்டது. அந்த முறை 100 ஹேர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபெலைக் கழித்துவிட்டுத்தான் கணக்கில் சேர்க்கிறது. ஆகவே ரீங்காரம் குறைந்தாலும் எண் பெரிதாக அசையாது. நான் எண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், அப்பாவிடம் ஊர்ப்பெயர்களைச் சாதாரணக் குரலில் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஹட்டன், கொட்டகலை, பத்தனை, லிந்துலை, அக்கரப்பத்தனை. எதைத் தவறாகச் சொல்கிறார் என்று கவனித்தால், எந்தச் சுருதி மூடப்படுகிறது என்பதை எந்தக் கருவியையும்விடத் தெளிவாக அறியலாம்.

எதையும் ஒட்டுவதற்கு முன் வண்டியைப் பழுது பார்க்க வேண்டும். இதைச் சொல்லச் சொல்ல யாரும் கேட்பதில்லை. சத்தம் குறைக்க ஒட்டும் ஷீட் வாங்கத்தான் ஓடுகிறார்கள். எங்கள் வேனில் ஒரு முனகல் இருந்தது, டயர் சத்தம் என்றே எல்லோரும் சொன்னார்கள். இடப்பக்க வளைவில் அது கூடியது, வலப்பக்க வளைவில் அடங்கியது. வளைவில் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் விழும். அங்கே உள்ள பேரிங் தேய்ந்திருந்தால் பாரம் ஏறும்போது முனகும். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஏ5 பாதையில் வளைவுக்கா பஞ்சம்? ரம்பொடையிலிருந்து நுவரெலியா ஏறுவதற்குள் எந்தப் பேரிங் என்று தெரிந்துவிட்டது. என்ஜின் மவுண்ட்டுகளின் ரப்பர் இறுகிக் கல்லாகியிருந்தது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் ஒன்று அறுந்து, குழாய் அடித்தளத்தில் உரசிக்கொண்டிருந்தது. இந்த மூன்றையும் மாற்றியதும் குறைந்த அளவு சத்தத்தை, பின்னால் எந்த ஷீட்டும் தனியாகக் குறைக்கவில்லை.

அடுத்தது என்ஜின் மூடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டொல்பின் வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இதைத் தொடுவதே இல்லை.

இருக்கையை மடக்கி மூடியைத் தூக்கினால் அதன் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டி இருக்கும். எங்கள் வண்டியில் அது முப்பதாண்டு டீசல் சூட்டில் தட்டையாகி, சில இடங்களில் தொட்டதும் உதிர்ந்தது. மூடியை மூடிவிட்டு உள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டுப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்து ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சக் கோடு தெரிந்தது. வெளிச்சம் வரும் வழியாக ஒலியும் வரும். ஒலியியலில் ஒரு கணக்கு உண்டு: ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்சத் தடுப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. மூடியின் மேல் எத்தனை அடுக்குப் போட்டாலும் அந்தக் கோடு இருக்கும் வரை பயனில்லை. புதிய பட்டி வாங்கி, பழைய பசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மூலைகளில் வெட்டாமல் வளைத்து ஒட்டினேன். கியர் லீவர், கைபிரேக் கம்பி, மின்கம்பிக் கட்டுகள் தளத்தைத் துளைத்து மேலே வரும் இடங்களில் உள்ள ரப்பர் குமிழ்களையும் அதே நாளில் மாற்றினேன்.

மூடியின் அடிப்பக்கத்துக்கு ஃபோம் கூடாது. எண்ணெய் தெறிக்கிற, எக்சோஸ்ட் சூடு ஏறுகிற இடம் அது. சாதாரண ஃபோம் தீப்பிடிக்கும், தார் கலந்த ஷீட் உருகும். அலுமினியத் தகடு போர்த்திய கண்ணாடியிழைத் தகட்டை, பசையை மட்டும் நம்பாமல் வொஷர் வைத்து ஆணியால் முடுக்கினோம். மூடியின் மேற்பக்கத்துக்குக் கனம் வேண்டும். ஹட்டனில் குஷன் வேலை செய்யும் ஒருவர் நல்ல யோசனை சொன்னார். இரண்டு ரெக்சின் தோல்களுக்கு நடுவே கனமான ரப்பர் பாயும் அதன் கீழே மெல்லிய ஃபோமும் வைத்துத் தைத்து, மூடியின் வடிவத்துக்கே ஒரு போர்வை செய்துகொடுத்தார். விளிம்பு இரண்டு அங்குலம் கீழே தொங்கி, இடுக்கையும் மறைக்கும்படி வெட்டியிருந்தார். கழற்றவும் வேண்டும் அல்லவா. எண்ணெய் பார்க்க ஒவ்வொரு முறையும் தூக்கும் மூடி அது. ஓரத்தில் இரண்டு கைப்பிடிப் பட்டி வைத்துத் தைத்திருந்தார், நான் கேட்காமலே. தன் வேலையைத் தெரிந்தவர் கையில் கொடுத்தால் இப்படித்தான்.

அந்த ரப்பர் பாயைப் பற்றி: வெளிநாட்டார் இதற்கெனச் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைல் ஷீட் வாங்குகிறார்கள். ஒலியைத் தடுப்பது எடைதான். எடையை இரட்டித்தால் சுமார் 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கும் என்பது இயற்பியல். அந்த எடை எந்தப் பொருளில் இருக்கிறது என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. ரப்பர் விளைகிற நாட்டில் நமக்கு 3 மில்லிமீட்டர் ரப்பர் பாய் எந்த ஊரிலும் கிடைக்கும், எடையும் ஏறக்குறைய அதே அளவு வரும். வாசனை போவதற்கு வெயிலில் விரித்துவைக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் தளம் முழுவதும், சுவர் முழுவதும் இதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். 10 சதுர மீட்டருக்கு 50 கிலோ. மலையில் அந்த எடையை ஏற்றும்போது டீசலும் இறக்கும்போது பிரேக்கும் சுமக்க வேண்டும். கடுகண்ணாவையிலும் கினிகத்தேனையிலும் இறங்குகிறவர்களுக்கு பிரேக் சூடேறுவது என்றால் என்னவென்று தெரியும். முன் இருக்கைகளின் கீழும், கால் வைக்கும் இடத்திலும், பின்சக்கரங்களின் மட்கார்ட் மேலும் மட்டும் போட்டோம்.

கதவுகளுக்குப் பீடிங், அதாவது விளிம்பைச் சுற்றிய ரப்பர் பட்டி. செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்து ரப்பர் செத்துவிட்டது. தள்ளுகதவின் பின்மேல் மூலையில் எங்களுக்கு அப்படி வந்தது. ரம்பொடைச் சுரங்கப்பாதையும் இந்தச் சோதனைக்கு நன்றாக உதவும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், நம் வண்டியின் சத்தமே பாறைச் சுவரில் பட்டுத் திரும்பிப் பக்கவாட்டில் வந்து மோதும். எந்தக் கதவு ஒழுகுகிறது என்று காது நேராகச் சுட்டிக்காட்டும்.

தகடுகளின் அதிர்வு வேறு விவகாரம். ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் ஒட்டும் பியூட்டைல் ரப்பரும் உள்ள 2 மில்லிமீட்டர் ஷீட்டைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். இது ஒலியைத் தடுக்கும் பொருள் என்று நினைப்பவர்கள் பலர். அது தகட்டைக் கணீரென்று ஒலிக்கவிடாமல் செய்யும் பொருள். முட்டியால் தட்டிப்பார்த்து, அதிகம் ஒலிக்கும் நடுப்பகுதியில் ஒட்டினால் போதும். தகட்டின் கால்வாசிப் பரப்பை மூடினாலே பெரும்பகுதிப் பலன் வந்துவிடும். முழுவதையும் மூடுவது காசுக்கும் எடைக்கும் கேடு. தார் ஷீட் மலிவு, ஆனால் அம்பாந்தோட்டை வெயிலில் நிறுத்தினால் நாற்றமெடுத்து வழியும். நுவரெலியாக் குளிரில் இன்னொரு சிரமம் இருக்கிறது. காலையில் தகடு சில்லென்றிருக்கும்போது பியூட்டைல் பிடிக்காது. நல்ல வெயில் ஏறிய பிறகு, தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஷீட்டின் முதுகில் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, சின்ன உருளையால் அலுமினியத்தின் வரிகள் மட்டமாகும் வரை அழுத்த வேண்டும்.

கூரையில் ஒட்டியதற்குக் கிடைத்த பலன் பாதைச் சத்தத்தில் குறைவு, மழையில் பெரிது. தென்மேல் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன் பக்கத்து மழை ஓயாது. வெறும் தகட்டுக் கூரையின் கீழ் அந்த மழைக்குள் ஒருவரோடொருவர் பேச முடியாது. இப்போது தடதடப்பு இல்லை, மெத்தென்று ஒரு சத்தம். அப்பா பெட்டிக்கடை வெற்றிலையை மென்றுகொண்டு அதற்குள்ளேயே பேச்சைத் தொடர்கிறார்.

சுவர்களுக்குள் உறிஞ்சும் பொருளாக என்ன வைப்பது என்பதில்தான் மலைநாட்டுக்காரர் தனியாக யோசிக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் வெளித்தகடு குளிர்ந்து போகும். உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சு அதில் நீராய்ப் படியும். நீரைப் பிடித்து வைத்திருக்கும் எந்த ஃபோமையும் தகட்டோடு ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாமல் துரு பிடிக்கும். ரப்பர் பூசிய தும்பு மெத்தை இந்த நாட்டிலேயே செய்கிறார்கள். காற்று ஊடாடும், அமுங்கிப்போகாது, நடு, உயர் சுருதிகளை நன்றாக உறிஞ்சும். அதை இரண்டு அங்குலத் தகடுகளாக வெட்டி, வெளித்தகட்டில் படாமல் மரச் சட்டங்களில் நிறுத்தி, பின்னால் விரல் நுழையும் இடைவெளி விட்டோம். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகளை எதுவும் மறைக்கக் கூடாது. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. ரெஜிஃபோம் என்கிற வெள்ளைத் தெர்மோகோல் அட்டையும் முட்டைத் தட்டும் இந்த வேலைக்கு உதவா. ரெஜிஃபோம் குளிருக்கு நல்லது, ஒலி அதில் தடையில்லாமல் கடக்கும், போதாக்குறைக்கு ப்ளைவுட்டோடு உரசிக் கீச்சிடும்.

அலமாரிச் சத்தம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ப்ளைவுட்டும் சட்டமும் சந்திக்கும் இடமெல்லாம் கம்பளி நாடா, தட்டுகளுக்கு இடையே துணி, கதவுகளுக்குக் காந்தப் பூட்டுக்குப் பதில் அழுத்தும் பூட்டு. கண்ணாடி ஓடும் தடத்தில் உள்ள நாடாவை மாற்றினால் பாடசாலை வேன்களுக்கே உரிய அந்தக் கண்ணாடி ஆட்டமும் நின்றுவிடும்.

முன்பக்கக் கண்ணாடிகளை இன்னும் அடைக்கலாம், இரட்டைக் கண்ணாடி போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு முன் ஹார்ன் அடிப்பது எதிரே வருகிறவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை, உயிர்க்காவலும் அதுவே. கொத்மலைப் பக்கத்தில் பாறை மறைக்கும் வளைவில் வருகிற பஸ்ஸின் ஹார்ன் எனக்குத் தெளிவாகக் கேட்டாக வேண்டும். ஏறும்போது சாரதிக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைத்துக்கொண்டே ஓட்டுகிறேன். அப்படி இருந்தும் லிந்துலை என்றால் அப்பா லிந்துலை என்றே சொல்கிறார். பத்தனைக்கும் அக்கரப்பத்தனைக்கும் இடையே குழப்பம் இல்லை.

மிச்சம் இருப்பது டயர். வெல்லவாய இறங்கி, தணமல்வில பக்கத்துச் சமதரையில் 60 கிலோமீட்டரைத் தாண்டும்போது கதை மாறுகிறது. என்ஜின் அடங்கிவிடும், டயர் எழும்பும். டயர் சத்தம் அதிகம் திரள்வது 1,000 ஹேர்ட்ஸை ஒட்டிய இடத்தில், பேச்சு நடக்கிற அதே வட்டாரத்தில். காப்பட் பாதையில் பொறுத்துக்கொள்ளலாம். சல்லி துருத்திய பாதையில் அப்பா மறுபடியும் கையைக் காதுக்குக் கொடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பிவிடுகிறார். இப்போது இருப்பவை ஆழமான கட்டங்கள் உள்ள டயர்கள். மழையில் தோட்டத்துப் பாதைக்கு அவை வேண்டும் என்பது கராஜ்காரரின் கட்சி. அப்பாவின் கட்சி வேறு. தோட்டத்துக்குள் போகிற அந்தக் கடைசித் துண்டுப் பாதைக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம், வேனை மெயின் ரோட்டுக் கோவிலடியில் நிறுத்திவிடலாம் என்கிறார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அடுத்த செட் சாதாரணப் பாதை டயர். தைப்பொங்கல் முடிந்து கதிர்காமப் பக்கம் இறங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும்.